பிக் எண்ட் பேரிங் இடைவெளி: எஸ்டீம், ஜிப்ஸி கிங் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய மாருதி எஸ்டீம், ஜிப்ஸி கிங் இரண்டிலும் ஓடுவது சுசுகியின் 1.3 லிட்டர் ஜி13 குடும்ப இன்ஜின். நன்றாகப் பார்த்துக்கொண்டால் சளைக்காமல் ஓடும் சாமான். ஆனால் ஆயில் மாற்றாமல் விட்டால் முதலில் குரல் கொடுப்பது கான்ராடின் அடிப்பக்கத்துப் பேரிங்தான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எண்கள் இந்த இன்ஜினுக்கானவை. வேறு வண்டி என்றால் அதன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள், முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பிக் எண்ட் பேரிங் இடைவெளி என்றால் என்ன?

பிஸ்டனையும் கிராங்கையும் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுற்றாக மாற்றும் தண்டு) இணைக்கும் ராடுதான் கான்ராட். அதன் சின்ன முனை பிஸ்டனோடும் பெரிய முனை, அதாவது பிக் எண்ட், கிராங்கின் பின்னோடும் சேர்கிறது. பெரிய முனைக்குள் அரைவட்டமாக இரண்டு ஷெல் உட்கார்ந்திருக்கும். அந்த ஷெல்லுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே ஆயிலுக்காக விட்ட இடம்தான் இடைவெளி. பின்னின் விட்டத்தைவிட ஷெல்லுக்குள் உள்ள விட்டம் எவ்வளவு கூட இருக்கிறதோ அதுதான் கணக்கு. சுற்றிலும் இவ்வளவு இருக்கும் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம், இது இரண்டு பக்கமும் சேர்த்த மொத்தம்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

ஜி13க்கு 0.020 முதல் 0.050 மி.மீ. வரை சரி. 0.080 மி.மீ. என்பது எல்லை, அதைத் தாண்டினால் மாற்றியாக வேண்டும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.07 மி.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நல்ல பேரிங்குக்கும் தட்டுகிற பேரிங்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முடிகூட இல்லை. கையால் ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

புத்தகம் கையில் இல்லாத வண்டிக்குப் பழைய மெக்கானிக்குகள் ஒரு கணக்கு சொல்வார்கள்: பின் விட்டம் ஒரு இஞ்சுக்கு ஆயிரத்தில் ஒரு இஞ்ச் இடைவெளி. ஜி13 பின் 42 மி.மீ., அந்தக் கணக்கில் 0.042 வரும், புத்தக அளவுக்குள்ளேயே விழுகிறது. இருந்தாலும் இது சரிபார்க்கத்தான் உதவும், புத்தகத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே, சத்தம் வராதே?

சத்தம் வராது, பேரிங்கும் இருக்காது. இடைவெளி குறைந்தால் ஆயில் ஓட்டம் குறைகிறது. பேரிங்கைக் குளிரவைப்பதே அந்த ஓட்டம்தான். ஓட்டம் இல்லையென்றால் சூடு ஏறி, ஷெல்லின் மேல் பூச்சு உருகி இழுபட்டு, கடைசியில் ஷெல் பின்னைப் பிடித்துக்கொண்டு கான்ராடுக்குள் தானே சுற்ற ஆரம்பிக்கும். அப்படிச் சுற்றிவிட்டால் ராடும் போச்சு, கிராங்கும் போச்சு.

சரி, லூசாக இருந்தால்?

ஆயில் பக்கவாட்டில் கசிந்து ஓடும். கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதாவது 0.04 இருந்தது 0.08 ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். நான்கு பின்னிலும் அப்படியென்றால் ஆயில் பம்ப் என்னதான் செய்யும்? இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் லைட் மினுக்மினுக் என்று எரிவது இதனால்தான். அந்த லைட் எரிவதற்குக் காத்திருப்பதும் தப்பு. பெரும்பாலான வண்டிகளில் பிரஷர் அரை பாருக்கும் கீழே போன பிறகுதான் சுவிட்ச் வேலை செய்யும். அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

ஆயில் பம்ப் பிரஷர்தானே பின்னைத் தூக்கி வைத்திருக்கிறது?

நிறைய மெக்கானிக்குகளே இப்படித்தான் நினைக்கிறார்கள். பம்பின் வேலை ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அவ்வளவுதான். பின் சுற்றும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் ஒடுங்கிய பக்கத்தில் ஆப்பு மாதிரி செருகுகிறது, அந்த ஆப்புதான் பளுவைத் தாங்குகிறது. 1883இல் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தபோது, மேலே இருந்த ஆயில் துளை வழியாக ஆயில் வெளியே பொங்கி வந்தது. மரக்கட்டை ஆப்பு அடித்து அடைத்தார். அதையும் மெல்லத் தள்ளி வெளியே எறிந்துவிட்டது. உள்ளே அவ்வளவு அழுத்தம் தானாகவே உண்டாகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார், இன்றைக்கும் பேரிங் டிசைன் செய்பவர்கள் அந்தச் சமன்பாட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். இடைவெளி சரியாக இருந்தால்தான் அந்த ஆப்பு உருவாகும். பளு உச்சத்தில் இருக்கும்போது நடுவில் நிற்கும் ஆயில் படலம் ஒரு மைக்ரானை (0.001 மி.மீ.) ஒட்டித்தான் இருக்கும். அதற்குள் ஒரு மணல் துகள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை இறக்காமலே பிக் எண்ட் தட்டுகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, ரெவ்வை 2000 சுற்று வாக்கில் ஏற்றி சட்டென்று காலை எடுங்கள். விடும் நேரத்தில் ஆழமாக டொக் டொக் என்று கேட்டால் சந்தேகப்படலாம். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது தட்டி, சூடானதும் அடங்கினால் அது பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். பிக் எண்ட் நேர்மாறு, சூடாகச் சூடாகத் தெளிவாகக் கேட்கும். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பாருங்கள். பிளக் ஒயரைச் சும்மா பிடுங்கித் தொங்கவிடாதீர்கள், ஷாக் அடிக்கும், இக்னிஷனும் கெடும். பழைய பிளக் ஒன்றை மாட்டி பாடியில் எர்த் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ அந்த ராடுதான். உறுதியாகிவிட்டால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

பிளாஸ்டிகேஜ் வைத்து அளப்பது எப்படி?

பிளாஸ்டிகேஜ் என்பது நூல் மாதிரி மெல்லிய மெழுகுத்தன்மையான பிளாஸ்டிக். நசுங்கும்போது எவ்வளவு அகலமாகிறது என்பதை உறையில் அச்சடித்த அளவோடு ஒப்பிட்டு இடைவெளியைப் படிக்கலாம். பச்சை நிறம் 0.025 முதல் 0.076 மி.மீ. வரை, சிவப்பு 0.051 முதல் 0.152 வரை. நமக்குப் பச்சை போதும்.

பின்னையும் ஷெல்லையும் சொட்டு ஆயில்கூட இல்லாமல் துடையுங்கள், ஆயில் பட்டால் அந்த நூல் கரையும். பின்னின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஆயில் துளைக்கு மேல் படாமல், பின்னுக்கு இணையாக, ராடின் நீளவாக்குக் கோடு பின்னைத் தொடும் இடத்தில் வையுங்கள். கேப்பை (பெரிய முனையின் கழற்றி மாட்டும் கீழ்ப்பாதி) அதன் அம்புக்குறி கிராங்க் புல்லி பக்கம் பார்க்கிற மாதிரி போட்டு, நட்டை இரண்டு மூன்று தவணையாக 35 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். இதற்கு அப்புறம் கிராங்கை ஒரு இம்மிகூடத் திருப்பக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவர் ஆர்வக்கோளாறில் புல்லியைத் தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கழற்றும்போது நசுங்கிய நாடா பின்னில் ஒட்டியிருக்கும், சில நேரம் ஷெல்லில். நாடாவின் அகலமான இடம்தான் குறைந்த இடைவெளி. ஒரு முனை அகலமாகவும் மறு முனை ஒடுங்கியும் இருந்தால் பின் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பச்சையில் படிக்கக்கூடிய குறைந்த அளவே 0.025. நாடா உறையில் உள்ள பட்டையைவிட அகலமாக நசுங்கியிருந்தால் இடைவெளி அதைவிடக் குறைவு என்பது மட்டும்தான் தெரியும். 0.020 இருந்தால் சரி, 0.010 இருந்தால் ஆபத்து, இரண்டையும் இந்த நூலால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிளாஸ்டிகேஜ் சரி என்று சொன்னது, ஆனாலும் இரண்டு மாதத்தில் தட்டுகிறதே?

இது என் கையிலேயே நடந்தது. ஒரு எஸ்டீம், நான்காவது பின் தட்டியது. அதற்கு முன் வேறொரு பட்டறையில் ஷெல் மட்டும் மாற்றியிருந்தார்கள். நானும் பிளாஸ்டிகேஜ் வைத்தேன், 0.05 காட்டியது. திருப்தியாகப் புது ஷெல் போட்டு மூடிவிட்டேன். திரும்பவும் வந்தது. இரண்டாம் முறை வெட்கப்பட்டுக்கொண்டே மைக்ரோமீட்டரை எடுத்தேன். ஒரு திசையில் 41.98, தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்தால் 41.94. பின் முட்டை மாதிரி ஆகியிருந்தது. யாரோ எமரி பேப்பரைக் கையால் சுற்றி இழுத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். பளபளப்பு பார்த்து நானும் ஏமாந்தேன். நூல் வைத்த இடத்தில் இடைவெளி சரி, கால் சுற்று தள்ளி 0.09. பிளாஸ்டிகேஜ் தான் கிடக்கிற அந்த ஒரு கோட்டைத்தான் அளக்கும், வட்டத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஜி13க்கு ஓவலும் கூம்பும் 0.01 மி.மீ. வரைதான் அனுமதி. அன்றிலிருந்து மைக்ரோமீட்டர் வைக்காமல் நான் ஷெல் வாங்கச் சொல்வதில்லை.

மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வைத்து எப்படிச் சரியாக அளப்பது?

ஷெல்லை ராடில் போட்டு, கேப்பை முழு டார்க்கில் முறுக்கி, உள்விட்டத்தை டயல் போர் கேஜால் எடுங்கள். பின்னை மைக்ரோமீட்டரால் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் எடுங்கள். கழித்தால் இடைவெளி. போர் கேஜை அதே மைக்ரோமீட்டரில் வைத்து ஜீரோ செய்துவிட்டால் மைக்ரோமீட்டரில் சின்னப் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும்.

உள்விட்டத்தை ராடின் நீளவாக்கில்தான் எடுக்க வேண்டும், கேப் சேரும் கோட்டுப் பக்கம் எடுக்கக் கூடாது. ஷெல் நடுவில் தடிமனாகவும் இரண்டு ஓரத்திலும் மெலிந்தும் இருக்கும்படிதான் செய்கிறார்கள், ராடு இழுபடும்போது பக்கவாட்டில் ஒடுங்கிப் பின்னைக் கடிக்காமல் இருக்க. அது தெரியாமல் ஓரத்தில் அளந்துவிட்டு புது ஷெல் லூஸ் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு.

அப்புறம் வெயில். சித்திரை மாதத்தில் வாசலில் கிடந்த கிராங்கையும் உள்ளே நிழலில் இருந்த ராடையும் அளந்து கழித்தால் வருவது பொய்க்கணக்கு. 10 டிகிரி வித்தியாசத்துக்கே 42 மி.மீ. பின் 0.005 மி.மீ. போல விரியும், நம்மிடம் இருக்கிற மொத்தச் சலுகையே 0.030தான். எல்லாவற்றையும் ஒரே பெஞ்சில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளங்கள்.

கழற்றிய பழைய ஷெல்லைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். எந்த ராடு, மேலா கீழா என்று பின்பக்கம் மார்க்கரால் எழுதி வரிசையாக வையுங்கள். ஏன் போனது என்று அதுதான் சொல்லும். அதைப் படிக்காமல் புதுசு போடுகிறவர் திரும்பவும் புதுசு வாங்குவார்.

சுற்றுவாக்கில் கோடு கோடாகக் கீறியிருந்தால் அழுக்கு, ஃபில்டர் மாற்றவில்லை அல்லது போன தடவை இன்ஜின் கட்டும்போது ஆயில் வழிகளைக் கழுவவில்லை. மேல் பாதியில் மட்டும் பூச்சு பொரிந்து பெயர்ந்திருந்தால் அது வெடிப்பு அடித்த அடி, இக்னிஷன் டைமிங் முன்னே போய் நாக்கிங்கோடு (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) ஓட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் ராடில் வெடிப்பின் பளு விழுவது மேல் பாதியில்தான். முகம் முழுக்க மழுங்கி இழுபட்டு, செம்பு நிறம் தெரிந்து, ஓரத்தில் கறுத்திருந்தால் ஆயில் பட்டினி: சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடிபட்டு ஒடுங்கியிருக்கலாம், அதற்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் சல்லடை அடைத்திருக்கலாம், லெவல் குறைந்திருக்கலாம். மேல் பாதியில் ஒரு ஓரமும் கீழ் பாதியில் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது, வெள்ளத்தில் தண்ணீர் இழுத்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். எனக்கு மிகப் பிடித்தது கடைசி வகை: முன்பக்கம் ஒரு பொட்டு மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அதே இடத்தில் ஒரு துகளின் தடம். கட்டியவர் துடைக்காமல் உட்கார வைத்திருக்கிறார். அதனால்தான் ஷெல்லின் பின்பக்கம் ஆயில்கூடத் தடவக் கூடாது என்கிறோம், சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்.

இடைவெளி கொஞ்சம் கூட இருக்கிறது. கேப்பை ராவிவிடலாமா, அல்லது ஷெல்லுக்குப் பின்னால் பேப்பர் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கேப்பை ராவினால் மேலும் கீழும் இறுகும், பக்கவாட்டில் அப்படியே இருக்கும், வட்டம் போய்விடும். பேப்பரோ சிகரெட் தாளோ வைத்தால் ஷெல்லின் சூடு ராடுக்கு இறங்காது, நாளாக நாளாக நசுங்கி ஷெல் ஆட ஆரம்பிக்கும். ஷெல்லின் முனை, கேப் சேரும் தளத்துக்கு மேலே மயிரிழை துருத்திக்கொண்டிருப்பது தற்செயலில்லை. முறுக்கும்போது அது அமுங்கி வெளிப்பக்கமாகத் தள்ளுவதால்தான் ஷெல் சுற்றாமல் நிற்கிறது. அதை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ராவிவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு இடம் காட்டத்தான், சுற்றுவதைத் தடுக்க அதற்குப் பலம் கிடையாது.

கிராங்கை எத்தனை தடவை கிரைண்டிங் செய்யலாம்?

பட்டறையில் பத்து சைஸ், இருபது சைஸ் என்று சொல்வார்கள், பத்து என்றால் 0.25 மி.மீ. குறைவு, இருபது என்றால் 0.50. பழைய அம்பாசடர், டீசல் வண்டிகளில் நாற்பது வரை போனதுண்டு. ஜி13 பிக் எண்டுக்கு சுசுகி புத்தகத்தில் சொல்வது ஸ்டாண்டர்டு, அப்புறம் 0.25, இவ்வளவுதான். அந்த ஷெல்லின் முதுகில் யூஎஸ்025 என்று அடித்திருக்கும். பின்னை 41.732 முதல் 41.750 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும்.

கிரைண்டிங் பட்டறைக்குக் கிராங்கை மட்டும் கொடுத்துவிட்டு 'பத்து அடி' என்று சொல்லாதீர்கள். ஷெல்லை முதலில் வாங்கி, ராடில் போட்டு அளந்து, எந்த அளவுக்கு அரைக்க வேண்டும் என்று எண்ணாக எழுதிக் கொடுங்கள். பின்னின் ஓரத்தில் இருக்கும் வளைவை விட்டுவைக்கச் சொல்லுங்கள், அங்கே கூர்மையாக வெட்டினால் பிற்பாடு கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும். வாங்கி வந்ததும் ஆயில் துளைகளுக்குள் பிரஷ் விட்டு மண்ணெண்ணெயில் கழுவி ஊதுங்கள். கிரைண்டிங் தூள் உள்ளேயே தங்கியிருக்கும். கழுவாமல் கட்டிய இன்ஜின் எத்தனை நாள் ஓடும் என்பது மேலே சொன்ன ஒரு மைக்ரான் கணக்கிலேயே தெரியும்.

ராடு பக்கவாட்டில் ஆடுகிறது, அது தப்பா?

அது வேறு இடைவெளி. ஃபீலர் கேஜில் (இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம், எல்லை 0.35. கையில் ஆடுவது தெரியும், பயப்பட வேண்டாம்.

ஒரு பேரிங் மட்டும் தட்டுகிறது, அதை மட்டும் மாற்றலாமா?

பணம் உங்களுடையது. சம்பை இறக்கிவிட்டால் நான்கு ராடும் கண்ணெதிரே தொங்கும்போது ஒன்றை மட்டும் மாற்றி மூடுவது எனக்கு மனசு வராது. தட்டிய பேரிங்கிலிருந்து உதிர்ந்த தூள் ஆயிலோடு எங்கெல்லாம் போயிருக்கும்? கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் ஒரு கேப்பையாவது கழற்றிப் பாருங்கள். கேப்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடாதீர்கள். ராடையும் கேப்பையும் சேர்த்து வைத்துத்தான் துளை போட்டிருப்பார்கள், வேறு கேப் போட்டால் வட்டம் வராது. ராடை மேலே தள்ளும்போது போல்ட்டின் மரை பின்னில் உரசிக் கீறும், இரண்டு துண்டு ரப்பர் ஹோஸை அந்த போல்ட்டில் செருகிவிட்டுத் தள்ளுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமா?

10டபிள்யூ-30க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் கொஞ்ச நாள் அடங்கும். பழைய கார் சந்தையில் வண்டி பார்க்கப் போகும்போது ஆயில் குச்சியை எடுத்து விரலில் தொட்டுப் பாருங்கள், புது ஆயில், அதுவும் தேன் மாதிரி கெட்டியாக இருந்தால், விற்பவர் எதையோ மூடுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். வண்டியைச் சூடேறும் வரை ஓட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

எல்லாம் கட்டியாச்சு. முதலில் ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கட்டும்போதே ஷெல் முகத்திலும் பின்னிலும் அசெம்ப்ளி லூப் அல்லது புது ஆயில் தாராளமாகத் தடவியிருக்க வேண்டும். ஒவ்வொரு கேப்பையும் முறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தக் கேப்புக்கு அப்புறம் திடீரென்று இறுகுகிறதோ அங்கேதான் தப்பு, அது அப்போதே தெரிந்தால் பத்து நிமிட வேலை. கடைசியில் நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பைப் பிடுங்கி, பெட்ரோலும் வராமல் செய்துவிட்டு, ஸ்டார்ட்டரால் பத்து பத்து விநாடியாகச் சுற்றுங்கள். ஆயில் லைட் அணையும் வரை பிளக்கை மாட்டவே மாட்டாதீர்கள். ஓட ஆரம்பித்து 500 கிலோமீட்டரில் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். மடிப்பில் மினுமினுக்கும் தூள் கொஞ்சம் இருக்கும், அது சகஜம். விரலில் உருட்டும்போது செதில் செதிலாகத் தட்டுப்பட்டால் சம்பைத் திரும்ப இறக்க வேண்டும்.